உங்களுக்குத் தெரியுமா? உடையக் கற்றுக்கொண்ட பீங்கான்

கோப்பையும் டம்ளரும்

புனேயின் இரானி கடைகளில் பன் மஸ்காவோடு வரும் பீங்கான் கோப்பை கைதவறினால் சில்லு சில்லாகிவிடும். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் 'டங்' என்று ஒரு சத்தம், விளிம்பில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். ஆனாலும் இரண்டில் எது உறுதி என்று கேட்டால் பல வகையில் பீங்கான்தான். அழுத்தினால் தாங்கும், எளிதில் கீறல் விழாது, இரும்பு தளர்ந்துபோகும் சூட்டிலும் விறைப்பாக நிற்கும். அதற்கு ஒரே ஒரு குறை: விரிசலை நிறுத்தத் தெரியாது. எவர்சில்வரில் விரிசலின் முனை வந்ததும் அங்குள்ள அணு அடுக்குகள் வழுக்கி இடம் கொடுக்கும்; முனை மழுங்கிவிடும். பீங்கானின் அணுக்கள் அப்படி நகர்வதில்லை. விரிசல் கத்திபோலக் கூராகவே ஓடி மறுபக்கம் வந்துவிடும்.

இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்த ஓட்டத்தை மறிப்பது பற்றியவை. பாதி வேலையை இழை செய்கிறது. மீதியைச் செய்வது பொடி. இழைக்குக் கிடைத்த புகழ் பொடிக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மெலிந்தால் வலு

கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்க இழுக்க, அதே பருமனுக்குக் கணக்கிட்டால், வலு கூடிக்கொண்டே போகும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் இருந்த ஏ.ஏ.கிரிஃபித் 1920-இல் இதைச் சோதித்துச் சொன்னார். தடித்த தண்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஒளிந்திருக்கும். மயிரைவிட மெல்லிய இழையில் பெரிய கீறல் ஒளிய இடமே கிடையாது.

அய்யனார் குதிரையின் உள்ளே

ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரையைச் செய்யும் வேளார்கள் களிமண்ணை வெறுமனே எடுத்து வனைவதில்லை. மணல் சேர்ப்பார்கள், வைக்கோலோ உமியோ சேர்த்து மிதிப்பார்கள். வைக்கோல் இழை, மணல் துகள். ஈரம் காயும்போது மண் சுருங்கி வெடிக்காமல் இருக்க இரண்டும் வேண்டும். இன்று ராக்கெட்டுக்கும் ஜெட் எஞ்சினுக்கும் செய்யப்படும் இழை செராமிக்கின், அதாவது இழை புதைத்த பீங்கான் வகைப் பொருளின், அடிப்படைக் கணக்கும் இதுவே. ஒரே வேறுபாடு, சூளையில் வைக்கோல் எரிந்துபோகும். எஞ்சினுக்குள் இழை எரியாமல் இருந்தாக வேண்டும்.

ஒட்டியும் ஒட்டாமலும்

இழையைச் செராமிக்குக்குள் புதைத்தால் அது கெட்டியாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி ஒட்டினால் எல்லாம் பாழ். செராமிக்கில் ஓடிவரும் விரிசல், இழையையும் அதே செராமிக்காக நினைத்து நேரே வெட்டிக்கொண்டு போய்விடும். இழை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

அதனால் ஒவ்வோர் இழைக்கும் ஒரு மெல்லிய சட்டை போடுகிறார்கள். பெரும்பாலும் போரான் நைட்ரைடு அல்லது கரி. கனம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. இந்தச் சட்டை வழுக்கும் தன்மை உள்ளது. விரிசல் இழையருகே வந்ததும் சட்டையோடு பக்கவாட்டில் திரும்பிவிடும். இழை அறாமல் நின்று விரிசலின் இரு கரைகளையும் பாலம் போலப் பிடித்துக்கொள்ளும். மேலும் இழுத்தால் இழைகள் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டே வெளிவரும். அந்த உரசலில்தான் அடியின் வேகமெல்லாம் தீர்கிறது. உடைந்த துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் துடைப்பத்தின் முனைபோல் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் "நன்றாக உடைந்திருக்கிறது" என்பார்கள். வழவழவென்று உடைந்திருந்தால் அந்தத் துண்டு தோல்வி.

'கார்போரண்டம்' என்ற பெயரில் நம் சொல்

1891-இல் அமெரிக்காவின் எட்வர்டு அச்சசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரச் சூட்டில் வைத்தபோது மின்னும் சிறு படிகங்கள் கிடைத்தன. கரியும் குருந்தக்கல்லும் சேர்ந்த பொருள் என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. எண்ணம் தவறினாலும் பெயர் நிலைத்தது. அந்தப் பெயரின் பின்பாதி, ஆங்கிலத்தின் 'கொரண்டம்'. அது தென்னிந்தியாவிலிருந்து போனது; தமிழின் குருந்தம், குருவிந்தம்தான் அதன் வேர் என்று அகராதிகள் சொல்கின்றன.

அச்சசன் செய்த பொருள் விரைவிலேயே சாணைக்கல்லாகவும் உப்புத்தாளாகவும் உலகைச் சுற்றியது. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் சென்னையில் தொடங்கியது 1954-இல்.

விண்ணிலிருந்து

பூமியில் இயற்கையாகச் சிலிக்கன் கார்பைடு கிடைப்பது மிக அரிது. 1893-இல் வேதியியலர் ஆன்றி முவாசான் அதை முதலில் கண்டது, அமெரிக்காவில் விழுந்த விண்கல் ஒன்றின் துண்டில்.

1975 என்ற ஆண்டு

மூன்று நாடுகளில், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று வேலைகள் 1975-இல் அச்சேறின. ஜப்பானின் தோஹொக்கு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யஜிமா, சிலிக்கன் கலந்த ஒருவகைப் பிளாஸ்டிக்கை நூலாக நூற்று, சுட்டு, சிலிக்கன் கார்பைடு இழையாக்கினார். ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் சிர்கோனியாத் துகள் செராமிக்கை எப்படித் திடமாக்கும் என்று எழுதினார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் லீயும் கட்லரும் நெல் உமியிலிருந்து சிலிக்கன் கார்பைடு எடுக்கும் வழியைச் சொன்னார்கள்.

இழை, துகள், உமி. மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

சுருங்கும் பிளாஸ்டிக்

யஜிமாவின் பிளாஸ்டிக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. கரைத்து, இழைத்துணியில் ஊறவைத்து, காற்றுப்படாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் இழைகளுக்கு நடுவே செராமிக் உண்டாகிவிடும். வார்ப்படம் வேண்டாம், இழையை நசுக்கும் அழுத்தமும் வேண்டாம். ஆனால் சுடும்போது வாயு வெளியேறும், பருமன் பாதிக்கும் மேல் சுருங்கும். ஒருமுறை சுட்டு எடுத்தால் உள்ளே முழுக்க ஓட்டையும் வெடிப்பும்தான். மறுபடி ஊறவை, மறுபடி சுடு. இப்படி ஆறு முறை, எட்டு முறை, பத்து முறைகூட. ஒவ்வொரு முறையும் உலை நாள் கணக்கில் எரியும். விலை ஏறுவது இங்கேதான்.

பொடி உள்ளே நுழையும் கதை

இந்த ஊறல் கரைசலில் முன்கூட்டியே சிலிக்கன் கார்பைடுப் பொடியைக் கலந்துவிட்டால் என்ன? பொடி ஏற்கெனவே செராமிக். அது சுருங்காது. கரைசல் சுருங்கினாலும் பொடி தன் இடத்தை விடாது. வெற்றிடம் குறையும், வெடிப்பு சிறிதாகும், உலைக்குப் போகும் முறைகளும் குறையும். கேட்க எளிது. செய்வதில்தான் நுணுக்கம்.

முதலில் அளவு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன். கரி இழை 7 மைக்ரான். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான இழைகள் ஒரு புரியில் நெருங்கிக் கிடக்கும். இழைக்கும் இழைக்கும் நடுவில் இருக்கும் சந்து சில மைக்ரான்தான், பல இடங்களில் அதற்கும் குறைவு. பொடி அதைவிடப் பெரிதாக இருந்தால் துணி சல்லடையாக மாறிவிடும். பொடியெல்லாம் மேலே தங்கும், வெறும் கரைசல் மட்டும் உள்ளே இறங்கும். வெளியே பார்க்கத் திடமாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும் இப்படி ஒரு துண்டைத் தட்டிப் பார்த்து ஏமாறலாம். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

புனேயில் தீபாவளிக்கு ரங்கோலி போடுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். அங்கே ரங்கோலிப்பொடி கல்லை அரைத்தது. நம் கோலமாவு அரிசி. கல்பொடி விரலிடுக்கிலிருந்து தடையில்லாமல் இழையாக இறங்கும். மிக நைசாக அரைத்த அரிசிமாவு ஈரக்கையில் கட்டிபிடிக்கும். நுண்துகளின் குணமே அது. துகள் சிறிதாகச் சிறிதாக ஒன்றையொன்று இழுக்கும் விசை அதன் எடையை மிஞ்சிவிடும்; கூடிக் கூடிக் கட்டியாகும். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பொடியை வாங்கிவிட்டு, கலக்கும்போது இருபது மைக்ரான் கட்டியாக்கிவிட்டால் வாங்கிய பயனே இல்லை.

கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறவர் மாவை நேரே கொதிநீரில் கொட்டமாட்டார். முதலில் குளிர்ந்த நீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே ஊற்றுவார். ஆய்வுக்கூடத்திலும் அதே பொறுமைதான். துகளோடு ஒட்டி ஒன்றையொன்று விலக்கி நிறுத்தும் ஒரு வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். குண்டுகள் உருளும் உருளையில் மணிக்கணக்காக அரைப்பார்கள், ஒலியதிர்வு கொடுத்துக் கட்டிகளை உடைப்பார்கள்.

அடுத்தது பதம். பொடி கூடினால் கரைசல் இட்லிமாவு போலக் கெட்டியாகி இழைக்குள் இறங்காது. அதோடு போகும் வழிகளை அடைத்துவிடும்; அடுத்தமுறை ஊறவைக்கும்போது கரைசல் உள்ளே போக வழி இராது. கூரான கடினத் துகள்கள் இழையை உராய்ந்து காயப்படுத்தவும் கூடும். ஆகவே "எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது" என்ற பேச்சு இங்கே எடுபடாது. வலுவை வரைபடமாகப் போட்டால் முதலில் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கும். அந்த உச்சி எங்கே என்று தேடுவதே இத்துறையில் பாதி வேலை.

பரோட்டா பிரியும் இடம்

இழைத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் பெரும்பாலான பாகங்கள் செய்யப்படுகின்றன. அடுக்கின் திசையில் இழுத்தால் இழை தாங்கும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே தாங்க இழை இல்லை. சும்மா செராமிக் மட்டும். பரோட்டாவைத் தட்டினால் அடுக்கடுக்காகப் பிரியுமே, அதுபோல அங்கேதான் பிரியும். நுண்பொடியின் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிற இடமும் அதுவே: நடுவிலிருக்கும் வெற்றிடத்தை நிரப்பி, அடுக்குகள் வழுக்கிப் பிரிவதைத் தள்ளிப்போடுகிறது.

லட்டு அடுக்கும் கணக்கு

ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு கவனமாக அடுக்கினாலும் ஏறக்குறைய 74 சதவீத இடம்தான் நிரம்பும். 1611-இல் கெப்ளர் ஊகித்தது. கணிதர் தாமஸ் ஹேல்ஸ் நிறுவிக் காட்டியது 1998-இல். கொட்டிக் குலுக்கினால் கிடைப்பது 64 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் பெரிய உருண்டைகளின் சந்துகளில் சிறியவற்றைப் போட்டால் நிரப்பு கூடும். ஜல்லி, மணல், சிமெண்ட் என்று கொத்தனார் போடுவது இந்தக் கணக்கில்தான். செராமிக் பொடியிலும் இரண்டு மூன்று அளவுகளைக் கலந்து போடுகிறார்கள்.

சும்மா இராத பொடி

சில பொடிகள் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. ஜெர்மனியின் பேட்டர் கிரைல் 1990-களில் வேறொரு வழியை வளர்த்தெடுத்தார். டைட்டானியம் போன்ற உலோகப்பொடியைப் பிளாஸ்டிக் கரைசலில் கலந்தால், சுடும்போது வெளிவரும் கரியையும் வாயுவையும் அது பிடித்துக்கொண்டு கார்பைடாக மாறும். மாறும்போது பருமன் கூடும். பிளாஸ்டிக் சுருங்க, பொடி பெருக, இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு முல்லைப் பெரியாறு நினைவுக்கு வந்தது. பென்னிகுக் கட்டி 1895-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் சாந்து, சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லை இடித்த பொடி. மணல்போல வெறுமனே கிடக்காமல் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீருக்குள்ளும் இறுகும் சாந்தாக்கிவிடும். நிரப்பவும் வேண்டும், உறவாடவும் வேண்டும் என்ற இந்தப் பொடிக்கலை நம் கொத்தனார்களுக்குப் பழையது.

விரிசலைக் கண்டால் வீங்கும் துகள்

ஆஸ்திரேலியர் மூவரின் 1975 கண்டுபிடிப்பு இது. சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்ஸைடு, சூட்டில் ஒரு படிக வடிவிலும் குளிர்ந்தால் வேறொரு வடிவிலும் இருக்கும். குளிர்வடிவத்துக்கு இடம் அதிகம் வேண்டும், ஏறக்குறைய 4 சதவீதம். துகளை மிகச் சிறிதாக்கி, சுற்றிலும் இறுக்கமாக அடைத்துவிட்டால் குளிர்ந்த பிறகும் அது மாற முடியாமல் பழைய வடிவிலேயே காத்திருக்கும். விரிசல் ஒன்று அருகே வந்து அந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்ததும் சட்டென்று மாறி வீங்கும். வீங்கி, விரிசலின் வாயை இருபுறமும் நெருக்கும்.

பல்மருத்துவர் 'ஜிர்கோனியா கேப்' என்று சொல்லி மாட்டுகிற பல்லுறைக்குள் நடப்பதும் இதே வேலைதான். பாக்கு கடிக்கிறவர்களின் பல்லுறை தாங்குவதற்கு இந்த வீக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

தானே ஆறும் புண்

இழை செராமிக்கில் விரிசல் வரும், வரத்தான் செய்யும். அதன்வழி சூடான காற்று புகுந்து இழையின் சட்டையைத் தின்னத் தொடங்கினால்தான் ஆபத்து. அதற்கு ஒரு பொடி உண்டு: போரான் கார்பைடு போன்ற போரான் சேர்ந்த துகள்கள். காற்றின் ஆக்ஸிஜன் பட்டதும் போரான் ஆக்ஸைடாக மாறும். ஏறக்குறைய 450 டிகிரியில் உருகிக் கண்ணாடிக்குழம்பாகி விரிசலுக்குள் வழிந்து அடைத்துவிடும். எந்தக் காற்று கெடுக்க வந்ததோ அந்தக் காற்றையே கொண்டு புண்ணை மூடுகிற இந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஈரக்காற்றில் அந்தக் குழம்பு மெல்ல ஆவியாகிவிடும் என்பது இன்னும் முழுதாகத் தீராத சிக்கல்.

கண்டாலா இறக்கத்தில்

மும்பை-புனே விரைவுச்சாலையில் போர்காட் மலை இறங்குகிற லாரி ஓட்டுநர்களுக்கு பிரேக் சூடு என்றால் என்னவென்று சொல்லித்தரவேண்டியதில்லை. வார்ப்பிரும்பு பிரேக் தொடர்ந்து மிதிபட்டுச் சிவக்கச் சூடாகிவிட்டால் பிடி தளரும். கீழ்க்கியரில் இறங்கச் சொல்வது அதற்காகத்தான்.

கரி இழையும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பிரேக் தட்டு அந்தச் சூட்டில் அசராது. செய்முறை அழகானது. சிறிது சிறிதாக வெட்டிய கரி இழையைப் பிசினோடு அழுத்தி, சுட்டுக் கரியாக்குவார்கள். நுண்துளைகள் நிறைந்த கரித்தட்டு கிடைக்கும். அதன்மேல் சிலிக்கன் பொடியைப் பரப்பி 1,414 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் சிலிக்கன் உருகும். அகல்விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் துளைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன சிலிக்கன் கரியோடு கூடிச் சிலிக்கன் கார்பைடாகிவிடும். பல சுற்றுகள் ஊறவைத்துச் சுடும் வேலை இங்கே இல்லை.

போர்ஷே நிறுவனம் 2001-இல் தன் 911 ஜி.டி.2 காரில் இத்தகைய தட்டைப் பொருத்தியது. வார்ப்பிரும்பு தட்டின் எடையில் ஏறக்குறைய பாதி. விலைதான் இன்னும் சொகுசுக்காரைத் தாண்டி வரவிடவில்லை. புனேயில் வேதாள் குன்றின்மேல் 1966 முதல் இயங்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நாட்டின் வாகனங்களைச் சோதிக்கும் இடம். விடியற்காலையில் நடைபயில வருகிறவர்கள் அந்தக் குன்றையே 'ஏ.ஆர்.ஏ.ஐ. டேக்டி' என்கிறார்கள். அந்த மலைப்பாதை லாரிகளுக்கு எட்டும் விலையில் இப்படி ஒரு தட்டு ஒருநாள் அங்கே சோதனைக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

தலைக்கு மேலே பறக்கிறது

ஆகாசா ஏர் விமானத்தில் ஏறியிருக்கிறீர்களா? அதன் போயிங் 737 மேக்ஸ் எல்லாவற்றிலும் லீப் வகை எஞ்சின். 2016-இல் பயணிகள் சேவைக்கு வந்த இந்த எஞ்சினில், மிகச் சூடான டர்பைன் அலகுகளைச் சுற்றியுள்ள வளையத்துண்டுகள் சிலிக்கன் கார்பைடு இழை புதைத்த சிலிக்கன் கார்பைடு. உலோகத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. உலோகத்தைக் குளிர்விக்க எஞ்சினிலிருந்து காற்றைத் திருட வேண்டியிருக்கும். இதற்கு அவ்வளவு வேண்டாம். மிச்சமாகும் காற்று எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. இண்டிகோ நிறுவனம் 280 விமானங்களுக்கு இதே குடும்பத்து எஞ்சினை 2019-இல் தேர்ந்தெடுத்தது.

புனேக்கு அருகே சாக்கனில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.இ. தொழிற்சாலை லீப் எஞ்சினுக்கான உலோக உதிரிபாகங்களைச் செய்கிறது. செராமிக் வளையம் அமெரிக்காவில் செய்யப்படுகிறது. இரண்டும் ஒரே எஞ்சினில் சேர்கின்றன.

பாஷாணில் ஒரு பூஞ்சை

புனேயின் பாஷாண் பகுதி ஆய்வுக்கூடங்களின் தெரு. பினாகா ராக்கெட்டை உருவாக்கிய ஏ.ஆர்.டி.இ. இங்கேதான், 1999 கார்கில் போரில் அது முதன்முதலாகக் களம் கண்டது. ராக்கெட் எரிபொருள் செய்யும் எச்.இ.எம்.ஆர்.எல். பக்கத்துச் சுதார்வாடியில். 

ஆனால் நான் சொல்ல வந்தது 1950 ஜனவரி 3-ஆம் தேதி திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம் பற்றி. அங்கே முரளி சாஸ்திரி, அப்சார் அகமது, விபுல் பன்சால் ஆகியோரின் குழு, உலைக்குப் பதிலாக ஓர் உயிரிடம் வேலை வாங்கிப் பார்த்தது. 'ஃபுசேரியம் ஆக்சிஸ்போரம்' என்ற பூஞ்சை. வாழை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இதன் உறவுக்காரனைத் தெரியும். வாழையை வாடவைத்துக் கொல்வது அதே இனத்தின் ஒரு வகை. இந்தக் குழு அந்தப் பூஞ்சையைச் சிர்கோனியம் உப்புக்கரைசலில் விட்டபோது அது அறை வெப்பத்திலேயே சிர்கோனியா நுண்துகளை வெளியே தள்ளியது. 2006-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் நெல் உமியைக் கொடுத்தார்கள். உமிக்குள் ஒழுங்கற்றுக் கிடந்த சிலிக்கா, சில நானோமீட்டர் அளவுள்ள படிகங்களாக வெளிவந்தது.

உலையில் நூற்றுக்கணக்கான டிகிரி கேட்கும் வேலை, அறைச்சூட்டில், சத்தமில்லாமல். அந்தப் பொடி இழை செராமிக்குக்கென்று செய்யப்பட்டதன்று. என்றாலும் நுண்பொடியின் விலையே இத்துறையின் பெரிய முட்டுக்கட்டை என்று தெரிந்தவர்கள் அந்த ஆய்வை அசட்டையாகக் கடந்துபோக மாட்டார்கள்.

உமியில் இருக்கும் உலோகவெட்டி

நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி, 90 சதவீதம் அளவுக்கு, சிலிக்கா. காற்றில்லாமல் சூடேற்றினால் உமியின் கரியும் சிலிக்காவும் பக்கத்துப் பக்கத்தில் கலந்து கிடக்கும். மேலும் சூடேற்றினால் சிலிக்கன் கார்பைடு. லீயும் கட்லரும் சொன்னது இதை. அதில் ஒரு பகுதி ஊசிபோன்ற மெல்லிய ஒற்றைப்படிகங்களாக வளரும். அவற்றை அலுமினாவில், அதாவது அலுமினியம் ஆக்ஸைடில், கலந்து சுட்டால் நிக்கல் உலோகக்கலவையையே சீவும் வெட்டுமுனை கிடைக்கும். ஜெட் எஞ்சினின் நிக்கல் தட்டுகளைக் கடைவது இத்தகைய முனைகள்தான்.

போசரியிலும் சிஞ்ச்வடிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ஊசிகள் தூளாக இருக்கும்போது மூச்சில் போகக்கூடாது. கல்நாரைப் போலவே நுரையீரலில் தங்கிக் கெடுக்கும். அலுமினாவுக்குள் சுட்டு இறுகிய பிறகு முனையைக் கையாள்வதில் அந்தப் பயமில்லை; உலர்ந்த நிலையில் சாணை பிடித்துத் தூளாக்குவதுதான் கூடாது.

மகேந்திரகிரியில் 200 விநாடி

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினுக்குக் கொலம்பியம் என்ற கனமான உலோகக்கலவையில் புகைவாய் செய்துவந்தார்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம் அதைக் கரி இழை புதைத்த கரியால் செய்து பார்த்தது. எடை 67 சதவீதம் குறைந்தது.

ஆனால் கரிக்கு ஒரு பலவீனம் ஊரறிந்தது: காற்றிருந்தால் எரியும். ஐந்நூறு டிகிரிக்குள்ளேயே அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் மேலே சிலிக்கன் கார்பைடு பூச்சு. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரி சோதனைத்தளத்தில் 2024 மார்ச் 19 அன்று 60 விநாடி எரித்தார்கள். ஏப்ரல் 2 அன்று 200 விநாடி. வெப்பம் 1,216 கெல்வின், அதாவது 943 டிகிரி செல்சியஸ். கணக்குப் போட்டுவைத்த அதே அளவு. ராக்கெட் தூக்கும் சுமையில் 15 கிலோ கூடும் என்று இஸ்ரோ சொன்னது. பதினைந்து கிலோ என்றால் அரை மூட்டை அரிசிதானே என்று தோன்றலாம். விண்ணில் அது ஒரு முழு சிறு செயற்கைக்கோள்.

மணவாளக்குறிச்சி மணல்

மூவாயிரம் டிகிரியையும் தாண்டித் தாக்குப்பிடிக்கும் பொருள்கள் சில உண்டு. சிர்கோனியம் டைபோரைடு உருகுவது 3,200 டிகிரிக்கு மேல். ஹாஃப்னியம் கார்பைடு இன்னும் மேலே. ஒலியைவிடப் பலமடங்கு வேகத்தில் போகும் கலங்களின் மூக்குக்கும் இறக்கை விளிம்புக்கும் இவற்றின் நுண்பொடியை இழை செராமிக்கில் கலந்து உலகெங்கும் சோதிக்கிறார்கள். அதோடு கொஞ்சம் சிலிக்கன் கார்பைடுப் பொடியும் சேர்ப்பது வழக்கம். சூட்டில் அது கண்ணாடிப் படலமாகி மேலே போர்த்திக்கொள்ளும்.

சிர்கோனியத்துக்கு மூலம் சிர்கான் மணல். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஐ.ஆர்.இ.எல். அதைப் பிரித்தெடுக்கிறது. தூத்துக்குடி அருகே பழையகாயலில் 2009 முதல் சிர்கோனியம் உலோகம் தயாராகிறது. சிர்கானுக்குள் ஒன்றிரண்டு சதவீதம் ஹாஃப்னியமும் ஒளிந்திருக்கும். அணு உலைக்காரர்கள் அதைப் பாடுபட்டு நீக்குவார்கள். சூடுதாங்கும் செராமிக்காரர்கள் அதையே தேடுவார்கள்.

தேங்காய் நாரில் ஒட்டிய துகள்

அந்தக் கடற்கரை மணலின் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது எப்படி? திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலர் அதைச் சோதித்தபோது மோனசைட் மின்னியது. மோனசைட்டில் தோரியம், தோரியம் அப்போது விளக்கு மேண்டிலுக்கு வேண்டும்.

மேண்டில் செய்வது இப்படி: நூல்வலையைத் தோரியம் உப்புக்கரைசலில் ஊறவைத்து உலர்த்திவிடுவார்கள். முதல்முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும், நூலின் வடிவில் செராமிக் வலை மட்டும் நிற்கும். கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் வெள்ளையாக எரிந்தது அதுதான். ஒரு விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பெரியவர்கள் "தொடாதே" என்று நம்மை அதட்டியது அதனால்தான்.